தெரு காருக்கு மட்டுமா?

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் அசையும்போது மோட்டார்கள் ஒதுங்கி நிற்கின்றன. ஊர் கெட்டா போயிற்று?

ஆனால் ராஜபாளையத்தில் ஷிப்டு முடிந்து வரும் மில் தொழிலாளி காய் வாங்கும் தள்ளுவண்டி மட்டும் "போக்குவரத்துக்கு இடைஞ்சல்" என்கிறார்கள்! திருமங்கலம்–கொல்லம் சாலையோரம் பகலெல்லாம் நிற்கும் கார் இடைஞ்சல் இல்லையாம். கீரைக்கட்டோடு வரும் விவசாயக் கூலிப் பெண்தான் இடைஞ்சலாம்! நாம் கேட்கிறோம்: இது யார் நியாயம்?

2014-ம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. அதன்பின்னும் 30 நாள் நோட்டீசு வேண்டும். நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும்.

தோழர்களே, லத்தியோடு வருகிறவரிடம் நோட்டீசைக் கேளுங்கள். குழுவில் யார் யார் என்று இரண்டு நகராட்சி வாசலிலும் எழுதி ஒட்டச் சொல்லி, நாம் திரண்டு போய்க் கேட்போம்.