பகிடி என்றால் இளக்காரமா?

சாய்ந்தமருதில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்தில், நமது எழுத்தில் நகைச்சுவை அருகிப் போனது பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சினிடையே ‘தி சீக்ரட் ஒஃப் மங்கி ஐலன்ட்’ என்ற கணினி விளையாட்டை உதாரணம் காட்டினேன். முன்வரிசையிலிருந்த மூத்த கவிஞர் ஒருவர் எழுந்து, “தம்பி, புள்ளையள்ர வெளயாட்ட இலக்கிய மேடையில கொணந்து வெக்காதீங்க” என்றார். சபை சிரித்தது. (அன்று மாலை முழுவதிலும் சபை சிரித்தது அந்த ஒரு தடவைதான்.) அன்று சொல்லி முடிக்க விடாததை இங்கே எழுதுகிறேன்.

1990இல் அமெரிக்காவின் லூகாஸ்ஃபில்ம் கேம்ஸ் நிறுவனம் வெளியிட்ட விளையாட்டு அது. ரொன் கில்பர்ட், ரிம் ஷேஃபர், டேவ் குரொஸ்மன் ஆகிய மூவரும் எழுதினார்கள். ‘எழுதினார்கள்’ என்ற சொல்லைத் தெரிந்தே போடுகிறேன். திரையின் மேற்பாதியில் படம். கீழே கொடு, எடு, திற, மூடு, இழு, தள்ளு, பேசு என்று சில வினைச்சொற்கள். நாங்கள் ஆடிய பதிப்பில் ஒன்பது வினைகள். ஒரு வினையைத் தொட்டு, ஒரு பொருளைத் தொட்டால் ஒரு வாக்கியம் உருவாகும். அந்த வாக்கியம் நடக்கும், அல்லது நடக்காததற்கு ஒரு பகிடியான பதில் வரும். நடுவில் கப்பி பொருத்திய ரப்பர் கோழி ஒன்று கையில் கிடைக்கும். அது எதற்கென்று மண்டையை உடைத்து, கடைசியில் கம்பியில் தொங்கிக் கடலைத் தாண்டத்தான் என்று தெரியவரும்போது வரும் சிரிப்பு, நல்லதொரு நொடி அவிழும்போது நமது மூத்தம்மாமார் சிரித்த அதே சிரிப்புத்தான்.

கதாநாயகன் கைபிரஷ் திரீப்வுட் ஒன்றுக்கும் உதவாத பொடியன். கடற்கொள்ளையனாக வேண்டும் என்பது அவனது ஆசை. அதற்கு வாட்போரில் வெல்ல வேண்டும். ஆனால் அந்தத் தீவில் வாட்போரை வெல்வது வாள் அல்ல, வாய். எதிரி ஒரு வசை எறிவான். அதற்குப் பொருந்தும் பதிலைச் சொன்னால் முன்னேறலாம், சொல்லத் தெரியாவிட்டால் பின்வாங்க வேண்டும். பதில்களை யாரும் கற்பிப்பதில்லை. வழிப்போக்கர்களிடம் தோற்றுத் தோற்று, அவர்கள் சொன்னதைப் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். எல்லாம் சேர்த்துக்கொண்டு வாட்போர் வல்லவளான கார்லாவிடம் போனால், அவள் நாம் கேட்டேயிராத புதிய வசைகளை எறிகிறாள். பழைய பதிலை எடுத்து, புதிய வசைக்குப் பொருத்த வேண்டும். மனப்பாடம் அங்கே செல்லாது. வசையின் பொருள் விளங்கியவனே வெல்வான்.

இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றவில்லையா? வட்டையிலும் வாடியிலும் மச்சானும் மச்சியும் கவிக்குக் கவி கொடுத்த மண் இது. ஒருவர் குத்துவார், மற்றவர் அந்தக் குத்தையே திருப்பிவிடுவார். கைவசமிருந்த பழைய அடியை வேறு சந்தர்ப்பத்துக்குத் திருப்பிப் போடுவதுதான் அங்கேயும் கெட்டித்தனம். நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் அலைந்து திரிந்து அந்தக் கவிகளைத் தொகுத்தார்கள். அந்த உழைப்புக்கு நாம் கைமாறு செய்ய முடியாது. ஆனால் நாம் செய்தது என்ன? ‘நாட்டாரியல்’ என்று பெயர் சூட்டி அலுமாரியில் பூட்டினோம். செத்துப்போன மூத்தம்மாவின் பகிடி ஆய்வுப்பொருள். உயிரோடிருக்கும் பொடியனின் பகிடி வெட்டிவேலை! இந்த இரட்டை நாக்கைத்தான் நான் கேள்வி கேட்கிறேன்.

“இறக்குமதிச் சரக்கு” என்கிறார்கள். 1885இல் சித்திலெப்பை எழுதிய ‘அசன்பே சரித்திரம்’ நாவலும் இறக்குமதி வடிவம்தான். அதன் நாயகன் எகிப்தில் பிறந்தவன். அவனிடம் நாம் கடவுச்சீட்டுக் கேட்கவில்லை. உண்மையில் விமர்சிக்க வேண்டிய இடம் வேறு. கரிபியன் கடலைக் காட்டுகிற இந்த விளையாட்டில் அடிமைக் கப்பல் ஒன்றேனும் இல்லை. தீவின் பழங்குடிகள் நரமாமிசம் தின்பவர்கள் என்ற பழைய வெள்ளைக்காரப் பகிடியை விட்டுவிட மனமில்லாமல், அவர்களை மரக்கறி தின்பவர்களாக்கிச் சமாளிக்கிறார்கள். இதை எந்தக் கவிஞராவது எழுந்து சொல்லியிருந்தால் நான் கைகட்டிக் கேட்டிருப்பேன். அதற்கு முதலில் விளையாடிப் பார்த்திருக்க வேண்டுமே.

கில்பர்ட்டிடம் ஒரு கொள்கை இருந்தது: ஆடுபவனைச் சும்மா சாகடிக்கக்கூடாது. அக்காலத்து இதே வகை விளையாட்டுகளில் ஓரடி தவறி வைத்தாலே மௌத்து. இங்கே அப்படியில்லை, எதையும் தொட்டுப் பார்க்கலாம், யாரிடமும் ஏடாகூடமாகப் பேசிப் பார்க்கலாம். விதிவிலக்கு ஒரே ஓர் இடம். கைபிரஷைக் கனமான சிலையொன்றில் கட்டிக் கடலில் எறிகிறார்கள். அவனால் பத்து நிமிடம் மூச்சடக்க முடியும். கயிற்றை அறுக்கக் கத்திகள் சுற்றிலும் கிடக்கும், ஒன்றும் எட்டாது. வழி மிக எளிது, சிலையையே தூக்கிக்கொண்டு நடந்து வந்துவிடலாம். பத்து நிமிடம் சும்மா விட்டால் மட்டும் செத்துப் போவான். அப்போது கீழேயிருக்கும் வினைச்சொற்கள் பிணம் செய்யக்கூடிய வினைகளாக மாறிவிடும்.

2004 டிசம்பர் 26இல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் கடல் கொண்டுபோனது. அதற்கடுத்த ஆண்டு, தற்காலிகக் கொட்டில் ஒன்றில், இரவல் வாங்கிய கணினியில் என் மச்சான் ஒருவன் இந்த விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தான். உம்மாவையும் தங்கச்சியையும் கடலுக்குக் கொடுத்தவன். அந்தக் கட்டம் வந்ததும் நான் பதறி நிறுத்தப் போனேன். “உடு மச்சான். பத்து நிமிசம் மூச்சப் புடிப்பானாம், பாப்பம்” என்றான். சிலையைத் தூக்கவில்லை. பத்து நிமிடமும் திரையைப் பார்த்தபடி இருந்தான். வினைச்சொற்கள் மாறின. வாசித்துவிட்டுச் சிரித்தான். அந்த வருடத்தில் அவன் சிரித்து நான் கண்டது அன்றுதான். பிறகு மீண்டும் தொடங்கி, சிலையைத் தூக்கிக்கொண்டு கரையேறினான்.

அந்தக் காலத்தில் நாமெல்லாம் கடலைப் பற்றிக் கவிதை எழுதினோம். நானும் எழுதினேன். அவனிடம் வாசித்தும் காட்டினேன். மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தான்.

2022இல் கில்பர்ட்டும் குரொஸ்மனும் சேர்ந்து ‘ரிட்டர்ன் டு மங்கி ஐலன்ட்’ வெளியிட்டார்கள். பழைய ஞாபகத்துக்காக வாங்கியவர்கள் இருப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் 1990ஐக் காணாத என் மகன் பழையதை ஆடிச் சிரிக்கிறானே, அவனுக்கு என்ன பழைய ஞாபகம்? பிரெஞ்சு, ஜேர்மன், இத்தாலிய மொழிகளிலெல்லாம் அந்த வசைகளைத் திரும்பப் படைத்திருக்கிறார்கள். தமிழில் நம்மைப் போல இதற்குத் தகுதியானவர்கள் யார்? பால்மாட்டுக்காரனைப் போலச் சண்டை பிடிக்கிறாய் என்று ஒருவன் ஏச, அப்படியானால் மாடு நீதானே என்ற கருத்தில் மற்றவன் திருப்புகிற இடம் ஒன்று வருகிறது. எருமைத் தயிர் விற்கும் ஊரில் இதற்கு நல்ல பதிலா இல்லை? என்னிடம் ஒன்று இருக்கிறது. கவிஞர் அதைவிட நல்லதைச் சொன்னால், அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று தோல்வியை ஒப்புக்கொள்கிறேன்.