எப்போது விண்ணப்பிப்பது?

நிரந்தரவாசம் கிடைத்து இந்த மார்ச் மாதத்தோடு எனக்கு இரண்டு ஆண்டு முடிந்தது. என் கணவர் அந்தத் தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டே வைத்திருந்தார்.

சிங்கப்பூரரை மணந்தவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க, திருமணமாகி இரண்டு ஆண்டு ஆகியிருக்க வேண்டும். நிரந்தரவாசியாகவும் இரண்டு ஆண்டு இருந்திருக்க வேண்டும். பலர் முதல் கணக்கை மட்டும் பார்க்கிறார்கள். எனக்குத் திருமணமாகி ஏழு ஆண்டு. முதல் ஐந்தும் நீண்டகால வருகை அட்டையில் கழிந்தன. நிரந்தரவாசக் கணக்கில் அவை சேரவில்லை.

சரி, தகுதி வந்தாயிற்று. பிறகென்ன தயக்கம்?

அம்மாதான். தஞ்சாவூரில் தனியாக இருக்கிறார். சென்ற ஆண்டு ஒருநாள் இரவு, அவர் வழுக்கி விழுந்துவிட்டதாகத் தகவல் வந்தது. மறுநாள் மதியம் திருச்சியில் இறங்கிவிட்டேன். கையில் இந்தியக் கடப்பிதழ் இருந்ததால் முடிந்தது. ஆனால், சிங்கப்பூரும் சரி இந்தியாவும் சரி, இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பழைய கடப்பிதழை ஒப்படைத்து, புதியதை வாங்கி, இந்திய விசா எடுக்கும்வரை ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த நாட்களில் அப்படியோர் அழைப்பு வந்தால்?

என் மாமியார்தான் குழப்பத்தைத் தீர்த்தார். “மனு போட்ட அன்னைக்கேவா பாஸ்போர்ட்டைக் கேட்கப் போறாங்க?”

உண்மைதான். முடிவு தெரியவே பல மாதங்கள் ஆகும். அதுவரை எதுவும் மாறாது. நான் கவலைப்பட வேண்டியது விண்ணப்பிக்கும் தேதியைப் பற்றி அல்ல, ஒப்புதல் கிடைத்த பின் வரும் வாரங்களைப் பற்றி. அதற்கு இப்போதே ஏற்பாடு செய்துவிட்டேன். அந்த நாட்களில் அம்மாவோடு தங்குவதாகச் சென்னையிலிருக்கும் தம்பி சொல்லியிருக்கிறான். ஓசிஐ அட்டைக்கான ஆவணங்களையும் தேடி எடுத்து ஒரு கோப்பில் வைத்தாயிற்று. அது கிடைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் விசாவுக்கு அலைய வேண்டியதில்லை.

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு நடக்கிறதென்றால், தகுதி பெறும் தேதியோடு அந்த இடைவெளியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

அம்மாவிடம் தொலைபேசியில் விவரத்தைச் சொன்னேன்.

“அப்போ, நம்ம வீட்டுக்கு வர விசா எடுக்கணுமா?” என்றார்.

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. சற்று நேரம் கழித்து அவரே சொன்னார்: “எடுத்துக்கிட்டு வா.”

அன்றிரவே கட்டணத்தைச் செலுத்தி விண்ணப்பத்தை அனுப்பினேன்.