நம்மவருக்கும் அதே தராசு

இந்தியாவின் தேசீயக் கால்பந்துக் கோஷ்டிக்குத் தலைமைப் பயிற்சியாளராக ஜனாப் காலித் ஜமீலை அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2025 ஆகஸ்டு 1-ந் தேதி நியமித்தது. 2012-ல் ஸ்ரீ ஸாவியோ மெதெய்ரா அப்பதவியிலிருந்து விலகிய பின்னர், 13 ஆண்டுகளாக அந்த ஸ்தானத்தில் இந்தியர் ஒருவரும் நிரந்தரமாக அமர்த்தப்படவில்லை. இவ்வளவு பெரிய தேசத்தில் தகுதியுடையவர் ஒருவர்கூட இல்லை என்ற எண்ணம் எவ்வளவு தூரம் வேரூன்றியிருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டியதில்லை.

ஜனாப் காலித் ஜமீல் சிபார்சினால் உயர்ந்தவரல்லர். குவைத்தில் பிறந்து, பம்பாயில் மஹீந்திரா யுனைடெட், ஏர் இந்தியா, மும்பை எப்.ஸி. ஆகிய கோஷ்டிகளில் ஆடியவர். இந்தியாவுக்காகவும் களத்தில் இறங்கியவர். காயங்களால் அவருடைய ஆட்ட வாழ்க்கை தடைப்பட்டது. 2009-ல் மும்பை எப்.ஸி.யின் பயிற்சிப் பொறுப்பை ஏற்று 2016 வரையில் அதை வகித்தார். பணபலம் குறைந்த அந்தக் கிளப் அவர் இருந்தவரையில் தேசீய லீக்கிலிருந்து கீழிறங்கவில்லை. அவர் விலகிய மறு ஸீஸனிலேயே கீழிறங்கிற்று. அந்த ஸீஸனில் அவர் மிஜோரம் மாகாணத்தின் ஐஜால் கிளப்புக்குச் சென்றார். முந்திய ஸீஸனில் கடைசி ஸ்தானங்களில் கிடந்த அக்கிளப், 2017 ஏப்ரல் 30-ந் தேதி 37 புள்ளிகளுடன் ஐ-லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. கல்கத்தாவின் புகழ் பெற்ற மோஹன் பகான் 36 புள்ளிகளுடன் பின்தங்கியது. வடகிழக்கு இந்தியாவிலிருந்து இப்பட்டத்தை வென்ற முதல் கிளப் ஐஜாலே.

2021-ல் நார்த் ஈஸ்ட் யுனைடெட் கிளப்பைத் தாற்காலிகமாக ஏற்று இந்தியன் ஸூப்பர் லீக்கின் அரை இறுதிக்குக் கொண்டு சென்றார். அவ்வாண்டே அந்த லீக்கில் நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளரான முதல் இந்தியர் என்ற பெருமையும் அவருக்குக் கிட்டியது. அடுத்த ஸீஸனில் 11 கிளப்புகளில் அவருடையது பத்தாவதாக வந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பின்னர் ஜாம்ஷெட்பூரை அரை இறுதிக்கு உயர்த்தி, இழந்த பெயரை மீட்டுக்கொண்டார்.

தேசீயக் கோஷ்டியை ஏற்ற முதல் மாதத்தில் தாஜிகிஸ்தானை அதன் சொந்த மண்ணிலேயே 2-1 என்று தோற்கடித்தார். செப்டம்பரில், உலக வரிசையில் 79-வது இடத்திலிருந்த ஓமானைப் பெனால்டியில் வென்று, மத்திய ஆசிய நாடுகளின் போட்டியில் மூன்றாம் ஸ்தானம் பெற்றார். அப்போது இந்தியா இருந்தது 133-வது இடம். ஆனால் அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்றதும், 2027 ஆசியக் கோப்பைக்குச் செல்லும் வழி அடைபட்டது. நவம்பரில் டாக்காவில் வங்காள தேசத்திடமும் தோல்வி. உடனே, "இந்தியரை நம்பியதால் வந்த வினை" என்று பேசத் தொடங்கினால் அது நியாயமாகுமா?

தீர்ப்புக் கூறுமுன் வழக்கின் முழு விவரத்தையும் பார்க்க வேண்டும். அத்தகுதிப் போட்டியின் முதல் இரு பந்தயங்களில் ஒரு புள்ளி மட்டுமே கிடைத்திருந்தது. அவை ஸ்பெயின் தேசத்தவரான ஸ்ரீ மனோலோ மார்க்கெஸின் பொறுப்பில் நடந்தவை. நிர்வாக உடன்படிக்கைத் தகராறினால் 2025 ஜூலையில் ஸூப்பர் லீக்கே நிறுத்திவைக்கப்பட்டது. லீக் பந்தயங்களின்றி இருந்த ஆட்டக்காரர்களைக் கொண்டு எந்தப் பயிற்சியாளர் அற்புதம் புரிய முடியும்?

குரோஷியாவின் ஸ்ரீ இகோர் ஸ்டிமாக் 2019 முதல் 2024 வரையில் ஐந்து ஆண்டுகள் இப்பதவி வகித்தார். இருமுறை தெற்கு ஆசியக் கோப்பையை அவர் பெற்றுத் தந்தார் என்பது உண்மை. 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பையின் மூன்று பந்தயங்களிலும் ஒரு கோல்கூடப் போடாமல் தோற்றோம் என்பதும் உண்மை. அதன் பிறகும் ஜூன் வரையில் அவருக்கு அவகாசம் தரப்பட்டது. அதை நாம் குறை கூறவில்லை. அதே அவகாசம் நம்மவருக்கும் உரியது என்றே கூறுகிறோம்.

பொறுமையின் பலனை நம் சரித்திரமே அறியும். ஹைதராபாத்தைச் சேர்ந்த ஆசிரியரான ஜனாப் ஸையத் அப்துல் ரஹீமின் பொறுப்பில், 1952-ல் ஹெல்ஸிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 1-10 என்று இந்தியா தோற்றது. அவர் விரட்டப்படவில்லை. 1956-ல் மெல்போர்னில் அதே ரஹீமின் கோஷ்டி நான்காவது ஸ்தானம் பெற்றது. 1962-ல் ஜகார்த்தாவில் ஆசியப் பந்தயத் தங்கப் பதக்கத்தை வென்றது. பத்துக் கோல் வாங்கிய அன்றே அவரை நீக்கியிருந்தால் இந்தப் பெருமைகள் நமக்குக் கிட்டியிரா.

இந்தியர் என்பதற்காகச் சலுகை காட்டுமாறு நாம் கோரவில்லை. திறமையில்லாதவர் எத்தேசத்தவராயினும் விலக வேண்டியவரே. ஆனால் அந்நியருக்கு ஆண்டுக் கணக்கும் நம்மவருக்கு மாதக் கணக்குமாக இரண்டு தராசுகள் இருத்தலாகாது. தேசீயப் பயிற்சியாளருக்குப் போதிய தவணை, தடையின்றி நடைபெறும் லீக், ஓய்வு பெறும் ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சித் தொழிலில் முறையான கல்வி ஆகிய மூன்றையும் உறுதிப்படுத்துவது சம்மேளனத்தின் கடமை. அக்கடமையைச் செய்யாமல் பயிற்சியாளரை மாற்றிக்கொண்டே போவது, வேருக்கு நீர் ஊற்றாமல் தோட்டக்காரனைக் குறை கூறுவதையே ஒக்கும்.