மேல் லயத்து ஆட்களின் நம்பர் நம்மிடம் இருக்கிறதா?

 

மழை தொடங்கினால் நாம் என்ன செய்கிறோம்? மண்சரிவு வீடியோவை ஷெயார் பண்ணுகிறோம். "யா அல்லாஹ், காப்பாத்து" என்று கொமென்ட் போடுகிறோம். அதோடு கடமை முடிந்ததா?

2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்தை. காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இல்லை. அந்த இடம் ஆபத்து என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கடதாசியில் இருந்தது, சனம் லயத்தில் இருந்தது.

பாதுகாப்பான காணியும் வீடும் கொடுக்க வேண்டியது அதிகாரத்தில் இருப்பவர்கள்தான். அதை விடாமல் கேட்போம். ஆனால் "எல்லாம் அரசாங்கத்தின் வேலை" என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாமா? 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்தபோது பதுளைப் பக்கம் பாதைகள் அடைபட்டன, கரண்ட் போனது, சிக்னலும் போனது. அந்த நேரத்தில் யார் வருவார்? பக்கத்து வீட்டுக்காரர்தான்.

மேலே தோட்டத்து லயம், நடுவில் நம் தெரு, கீழே சிங்களக் கிராமம். மேட்டில் நிலம் வெடித்தால் முதலில் காண்பது லயத்து ஆட்கள். அவர்களிடம் நம் நம்பர் இல்லை. கீழே உள்ளவர்களின் நம்பர் நம்மிடம் இல்லை. அண்டை வீட்டாரின் ஹக்கைப் பற்றி எத்தனை பயான் கேட்டிருப்போம்! நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புவதோடு அந்த ஹக் முடிந்துவிடுமா?

பெரிய செலவு ஒன்றும் இல்லை. பத்து வீட்டுக்கு ஒரு கொப்பி போடுவோம். நடக்க முடியாதவர் யார், கைக்குழந்தை எந்த வீட்டில், யாரிடம் த்ரீவீல் இருக்கிறது, இரவில் எங்கே போவது என்று எழுதுவோம். பள்ளிவாசல் மைக், கோயில் மணி, பன்சலை ஒலிபெருக்கி மூன்றும் ஒரே எச்சரிக்கையைச் சொல்லட்டும். நிலத்தில் வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று, இவற்றைக் கண்டால் மழை அளவைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே விலகுவோம், 117க்கு அறிவிப்போம்.

நேரான டின் ஒன்றை வெளியில் வைத்து அடிமட்டத்தால் அளந்தால் மழை தெரியும். நம் பிள்ளைகளே அளப்பார்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் தயார், 150 என்றால் வெளியேற்றம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல். இந்த ஜும்ஆ முடிந்ததும் நாம் மேல் லயத்துக்கு ஏறுவோம். கொப்பியை நாம் கொண்டு வருகிறோம். நீங்கள் வாருங்கள்.