வானிலைச் செயலி: எதை நம்புவது?

கிள்ளான் பள்ளத்தாக்கில் இரவுச் சந்தைகளில் மசால் வடை விற்றுப் பிழைக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அக்குடும்பம் மழையைப் பற்றி ஒரு நாளில் இரண்டு முறை முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. காலையில் எத்தனை கிலோ கடலைப்பருப்பை ஊறவைப்பது என்பது முதல் முடிவு. பிற்பகல் 3 மணிக்கு அதில் எவ்வளவை அரைப்பது, கூடாரத்தை வேனில் ஏற்றுவதா வேண்டாமா என்பது இரண்டாவது முடிவு. மழை கொட்டினால் சந்தைக்கு ஆள் வருவதில்லை. அரைத்த மாவு மறுநாளுக்கு உதவுவதும் இல்லை. மழைக்கு அஞ்சி வீட்டிலேயே இருந்துவிட்டு, மாலையில் வானம் வெளுத்துவிட்டால் ஒரு நாள் வருமானம் போய்விடும்.

அந்த வீட்டில் மூன்று திறன்பேசிகள் இருக்கின்றன. அப்பாவின் திறன்பேசி இடிமின்னல் படத்தைக் காட்டுகிறது. அம்மாவுடையது 40 விழுக்காடு மழை என்கிறது. படிவம் மூன்றில் பயிலும் மகளின் திறன்பேசியில் மேகத்துக்குப் பின்னாலிருந்து சூரியன் எட்டிப் பார்க்கிறது. “எதைத்தான் நம்புவது, அப்பா?” என்று மகள் கேட்கிறாள். “வெளியே போய் வானத்தைப் பார், அம்மா” என்கிறார் அவர். அனுபவசாலியின் பதில்தான். ஆனால், வானத்தைப் பார்த்து அடுத்த ஒரு மணி நேரத்தைச் சொல்லலாம். காலை 8 மணிக்கு மாலை 6 மணியைச் சொல்ல முடியாது. பருப்பை ஊறவைப்பதோ காலையில்.

இத்தகைய குழப்பம் வரும்போது பலர் செயலிக் கடைக்குச் சென்று அதிக நட்சத்திரங்கள் பெற்ற செயலியைப் பதிவிறக்கம் செய்கின்றனர். அந்த நட்சத்திரங்கள் பெரும்பாலும் அழகுக்கும் வேகத்துக்கும் விளம்பரத் தொல்லை இல்லாமைக்கும் கிடைத்தவை. அவற்றை வழங்கியவர்களில் பலர் வேறு நாடுகளில், முற்றிலும் வேறு வகையான மழையில் நனைபவர்கள். இலண்டனில் இருப்பவரின் ஐந்து நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு ஷா ஆலாமின் மாலை மழையைக் கணிக்க முடியாது.

அடிப்படையான ஒன்றை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். எந்தச் செயலியும் வானிலையைத் தானாக அளப்பதில்லை. எங்கோ ஒரு நிறுவனம் கணினியில் கணித்த எண்களை வாங்கி, படமாக மாற்றித் தருவதே பெரும்பாலான செயலிகளின் வேலை. அக்கணிப்புகளில் பல, உலகம் முழுவதையும் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் உலகளாவிய மாதிரிகளிலிருந்து வருகின்றன. ஐரோப்பிய மையத்தின் புகழ்பெற்ற மாதிரியில் ஒரு கட்டம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் அகலமுடையது; அமெரிக்க மாதிரியில் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். அப்படிப்பட்ட ஒரு கட்டத்துக்குள் பல தாமான்களும் ஒரு தொழிற்பேட்டையும் அடங்கிவிடும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் பிற்பகலில் எழும் இடிமழை மேகமோ பல வேளைகளில் சில கிலோமீட்டர் அகலமே இருக்கும். ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து, கொட்டி, கலைந்தும் போய்விடும். பெரிய கண்ணுள்ள வலையில் சின்ன மீன் நழுவுவதைப் போல அந்த மழை மாதிரியின் கட்டத்திலிருந்து நழுவிவிடுகிறது. ஒரே தாமானின் ஒரு சாலையில் மழையும் அடுத்த சாலையில் வெயிலும் இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவேதான் ஏப்ரல், மே, அக்டோபர் போன்ற பருவமாற்றக் காலங்களில் பல செயலிகள் அடுத்த பத்து நாள்களுக்கும் வரிசையாக இடிமின்னல் படத்தையே காட்டுகின்றன. அது பொய்யன்று. அந்த மாதங்களில் எந்தப் பிற்பகலிலும் எங்காவது இடி இடிக்கத்தான் செய்யும். ஆனால், ஒரு நாள் முழுவதற்கும் ஒரே படத்தைத் தரும்போது செயலி பெரும்பாலும் அந்நாளின் மோசமான வேளையையே தேர்ந்தெடுத்துக் காட்டுகிறது. பத்து நாளும் மழை என்று சொல்லும் செயலி, பருப்பு ஊறவைப்பவருக்கு எதையும் சொல்லவில்லை. நாள் ஒன்றுக்கு ஒரு படம் மட்டும் தரும் செயலியை நம் நாட்டில் ஒதுக்கிவிடுவதே நல்லது.

அம்மாவின் திறன்பேசி காட்டும் 40 விழுக்காடும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. ஊரில் 40 விழுக்காட்டுப் பகுதி நனையும் என்று சிலர் எண்ணுகின்றனர். நாளில் 40 விழுக்காட்டு நேரம் மழை பெய்யும் என்று வேறு சிலர் எண்ணுகின்றனர். அந்த எண்ணின் பொருள் வேறு. இதே போன்ற நிலை அமைந்த பத்து நாள்களில் நான்கு நாள்கள் அவ்விடத்தில் மழை பெய்யும். ஆறு நாள்கள் பெய்யாது. மழை பெய்யவில்லை என்பதற்காக அன்று அச்செயலி பொய் சொல்லிவிட்டது என்று பழிக்க முடியாது. அதே வேளையில், “மாலை 5.20க்கு மழை தொடங்கும்” என்று பல மணி நேரம் முன்னதாகவே அடித்துச் சொல்லும் செயலியை ஐயத்துடன்தான் பார்க்க வேண்டும். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்வது கணிப்பில் பெரிய குறை.

இதே உலகளாவிய மாதிரிகள் வேறொரு காலத்தில் நன்றாகவே உதவுகின்றன. நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கிளந்தான், திரெங்கானு, பகாங் ஆகிய கிழக்குக் கரை மாநிலங்களில் மழை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் நாள்கணக்கில் பெய்கிறது. அவ்வளவு பெரிய மழை எந்தக் கட்டத்திலிருந்தும் நழுவாது. கோத்தா பாருவில் டிசம்பரில் பாராட்டப்படும் செயலி, கோலாலம்பூரில் ஏப்ரலில் ஏமாற்றலாம். ‘எது சிறந்த செயலி’ என்று பொதுவாகக் கேட்பதைவிட, எந்த ஊரில், எந்தப் பருவத்தில், எந்த முடிவுக்காக என்று கேட்பதே பொருத்தம்.

மலேசியாவில் வாழ்பவரின் திறன்பேசியில் முதலில் இருக்க வேண்டியது மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் ‘மைசுவாச்சா’ செயலியே. அது கண்ணைக் கவரும் செயலி அன்று. அதன் முன்னறிவிப்பு ஒரு நாளைக் காலை, பிற்பகல், இரவு என்று மூன்றாக மட்டுமே பிரிக்கிறது. மணிக்கு மணி தகவல் தேடுபவருக்கு இது போதாததாகத் தோன்றும். அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், அதன் சொற்களைக் கவனித்துப் படித்தால் ஒரு நேர்மை தெரியும். ‘சத்து டுவா தெம்பாட்’, அதாவது ஓரிரு இடங்களில் மழை என்று ஒரு நாளில் சொல்கிறது. சில இடங்களில் என்று வேறொரு நாளில் சொல்கிறது. பெரும்பாலான இடங்களில் என்று மற்றொரு நாளில் சொல்கிறது. மூன்றும் ஒன்றல்ல. ஓரிரு இடங்கள் என்றால் வடைக் குடும்பம் வழக்கமான அளவுக்கே பருப்பை ஊறவைக்கலாம். பெரும்பாலான இடங்கள் என்றால் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். இந்தச் சொற்களை வாசிக்காமல் மேகப் படத்தை மட்டும் பார்த்துவிட்டுக் குறை கூறுவோரே அதிகம்.

அச்செயலியை முதலிடத்தில் வைப்பதற்கு இதைவிட முக்கியமான காரணம் எச்சரிக்கை. வெளிநாட்டில் இயங்கும் ஒரு நிறுவனத்துக்கு ஷா ஆலாமில் குடியிருப்பவரை எச்சரிக்கும் கடமை கிடையாது. வானிலை ஆய்வுத் துறைக்கு அதுவே கடமை. மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டக்கூடிய இடிமழை ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் என்று தெரிந்தால், அத்துறை இடிமழை எச்சரிக்கை விடுக்கிறது. ஒவ்வோர் எச்சரிக்கையும் 6 மணி நேரத்துக்கு மேல் செல்லாது. தொடர்மழைக்கு வேறு எச்சரிக்கை உண்டு. மஞ்சள் நிறம் ‘வாஸ்பாடா’, செம்மஞ்சள் ‘பூருக்’, சிவப்பு ‘பஹாயா’. இடிமழை எச்சரிக்கை அடிக்கடி வருவதால் எரிச்சலடைந்து பலர் அறிவிப்புகளை ஒட்டுமொத்தமாக அணைத்துவிடுகின்றனர். அப்படி அணைத்த திறன்பேசியில் சிவப்பு எச்சரிக்கையும் ஒலிக்காது.

சிவப்பு எச்சரிக்கைக்கு என்ன பொருள் என்பதைக் கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் 2021 டிசம்பரில் அறிந்துகொண்டனர். அம்மாதம் 18ஆம் நாள், சனிக்கிழமை, முந்திய நாளே தொடங்கிய மழை ஓயவில்லை. கோலாலம்பூரில் ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் பெய்ததாக அதிகாரிகள் கூறினர். ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளம் மூழ்கியது. மக்கள் மாடிகளிலும் கூரைகளிலும் ஏறிப் படகுக்காகக் காத்திருந்தனர். நாடு முழுவதும் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2021 இறுதியிலும் 2022 தொடக்கத்திலும் ஏற்பட்ட வெள்ளங்களின் இழப்பைப் புள்ளிவிவரத் துறை 6.1 பில்லியன் ரிங்கிட் எனக் கணக்கிட்டது. எச்சரிக்கை உரிய நேரத்தில் உரியவர்களை எட்டியதா என்ற கேள்வி வெள்ளம் வடிந்த பின்னரும் வடியவில்லை.

அந்நிகழ்வு வானிலைச் செயலியின் எல்லையையும் காட்டுகிறது. செயலி தலைக்கு மேலுள்ள மழையைச் சொல்லும். ஆற்றின் மேற்பகுதியில் பெய்த மழை கீழே வந்து சேருவதைச் சொல்லாது. தாழ்வான குடியிருப்பில் மழை விட்ட பிறகும் நீர் ஏறலாம். கடலில் நீரேற்றம் இருந்தால் ஆறு வடியவும் தாமதமாகும். ஆற்றின் நீர்மட்டத்தை அறிய நீர்ப்பாசன வடிகால் துறையின் ‘இன்ஃபோபஞ்சிர்’ இணையத்தளத்தைப் பார்க்க வேண்டும். அது ஒவ்வோர் ஆற்று நிலையத்தின் நீர்மட்டத்தையும் இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்று நான்கு நிலைகளில் காட்டுகிறது. ஆற்றோரம் குடியிருப்பவருக்கு எந்த அழகிய வானிலைச் செயலியையும்விட இந்தத் தளமே முக்கியம். இதைப் பலர் கேள்விப்பட்டதுகூட இல்லை என்பதுதான் வருத்தம்.

இலவசச் செயலிகள் இருப்பிடத்தை எப்போதும் அறிய அனுமதி கேட்பதையும் கவனிக்க வேண்டும். 2019இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகர அரசு வழக்கறிஞர் புகழ்பெற்ற வானிலைச் செயலி ஒன்றின் மீது வழக்குத் தொடுத்தார். பயனர்களின் இருப்பிடத் தகவலை வணிக நோக்கத்துக்கும் பயன்படுத்துவதை அது தெளிவாகச் சொல்லவில்லை என்பது குற்றச்சாட்டு. மறு ஆண்டு அவ்வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. ஊரின் பெயரை நாமே தட்டச்சு செய்தாலே வானிலை தெரிந்துவிடும், அனுமதி தேவையில்லை.

கூடுதலாக ஒரு தனியார் செயலியை வைத்துக்கொள்ள விரும்புவோர் அதைச் சோதித்துப் பார்க்கலாம். இரண்டு வாரங்களுக்கு, தினமும் காலையில் செயலி என்ன சொன்னது, மாலையில் வீட்டு வாசலில் என்ன நடந்தது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதினால் போதும். தவறுகளை இரண்டு வகையாகப் பிரித்து எண்ண வேண்டும். மழை என்று சொல்லிப் பெய்யாத நாள்கள் ஒரு வகை. மழை இல்லை என்று சொல்லிப் பெய்த நாள்கள் மற்றொரு வகை. எப்போதும் மழை என்றே சொல்லும் செயலி இரண்டாவது தவறைச் செய்யவே செய்யாது; அதனாலேயே அது சிறந்ததாகிவிடாது. துணி காயப்போடுபவருக்கு இரண்டாவது தவறு நட்டம். வடை விற்பவருக்கோ இரண்டுமே நட்டம். எது பெரிய நட்டம் என்பதை அவரே அறிவார்.

அந்தக் குடும்பத்தில் மகளின் குறிப்பேட்டில் பத்து நாள்களின் கணக்கு ஏறிவிட்டது. பிற்பகல் 3 மணி ஆகிறது. இப்போது முன்னறிவிப்பைவிட ரேடார் படமே பயன்படும். அது கணிப்பைக் காட்டுவதில்லை, பெய்துகொண்டிருக்கும் மழையைக் காட்டுகிறது. வானிலை ஆய்வுத் துறையின் இணையத்தளத்தில் அவள் அதைத் திறக்கிறாள். மழைத்திட்டு ஒன்று கோலாலம்பூருக்கு வடக்கே நிற்கிறது. அரை மணி நேரம் கழித்து மீண்டும் பார்க்கிறாள். அது நகரவில்லை, சுருங்கியிருக்கிறது. அப்பா வாசலுக்குப் போய் ஒரு முறை வானத்தைப் பார்த்துவிட்டு வந்து, ஊறிய பருப்பில் முக்கால் பங்கை அரைக்கச் சொல்கிறார்.