பின்வாசல் பூட்டியிருக்கிறதா?



இரவு ஷட்டரை இறக்கி, இரண்டு பூட்டும் போட்டு, ஒருமுறை இழுத்துப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குப் போகிறோம். ஆனால் பேரேடு, பாக்கிப் பட்டியல், ஜி.எஸ்.டி. கணக்கு எல்லாம் அடங்கிய கம்ப்யூட்டருக்கும் ஒரு பின்வாசல் உண்டு. அதை எத்தனை பேர் இழுத்துப் பார்க்கிறோம்?

கணக்கு சாஃப்ட்வேரில் கோளாறு என்றால் சர்வீஸ்காரர் தம் ஊரிலிருந்தே நம் கம்ப்யூட்டருக்குள் வந்து சரிசெய்கிறார். பிள்ளைகள் வீட்டிலிருந்தே கடைக் கணக்கைப் பார்க்கிறார்கள். நல்ல வசதி, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் என் மண்டியில் வேலையைவிட்டுப் போய் இரண்டு வருடமான கணக்குப்பிள்ளையின் பாஸ்வேர்டு இன்னும் செல்லுபடியாவதைச் சென்ற மாதம்தான் கண்டேன். அவர் நாணயமானவர். தவறு என்னுடையது.

அமெரிக்காவில் டார்கெட் என்ற பெரிய கடை நிறுவனத்தில் 2013-இல் திருடர்கள் முன்வாசலை உடைக்கவில்லை. குளிர்சாதன வேலை பார்த்த ஒப்பந்தக்காரரின் பாஸ்வேர்டைத் திருடி உள்ளே போனார்கள். சுமார் 4 கோடி கார்டுகளின் விவரம் களவு போயிற்று.

பாஸ்வேர்டு போகும் வழியும் முக்கியம். பழைய டெல்நெட் முறையில் அது தபால் கார்டு மாதிரி; வழியில் யாரும் படிக்கலாம். பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் அப்படித் திருட்டு நடந்த பிறகே, 1995-இல் அங்கிருந்த டாட்டு யூலோனன், செய்தியைச் சங்கேதமாக்கி அனுப்பும் எஸ்.எஸ்.எச். முறையை உருவாக்கினார். இது அரக்கு முத்திரையிட்ட உறை. ஆனால் சாவியே திருடன் கையில் இருந்தால் முத்திரை உதவாது. 2021-இல் கலோனியல் என்ற அமெரிக்க எண்ணெய்க் குழாய்க் கம்பெனி விழுந்தது, உபயோகத்தில் இல்லாத ஒரு பழைய வி.பி.என். கணக்கால்தான். அதற்கு பாஸ்வேர்டு ஒன்றே காவல், ஓ.டி.பி. போன்ற இரண்டாம் பூட்டு இல்லை. கம்பெனி சுமார் 44 லட்சம் டாலர் கொடுக்க நேர்ந்தது.

எடை போடுவது நமக்குப் புதிதல்ல. ஒருநாள் பில் போட முடியாவிட்டால் நஷ்டம் எவ்வளவு? பாக்கிப் பட்டியல் தொலைந்தால் எத்தனை லட்சம் வசூல் நிற்கும்? அதைத் தராசின் ஒரு தட்டில் வையுங்கள். பூட்டுக்கு ஆகும் செலவை மறு தட்டில் வையுங்கள். எது கனம் என்று தெரிந்துவிடும்.

வேலையாள் விலகிய அன்றே அவர் பாஸ்வேர்டை நீக்குங்கள். சர்வீஸ்காரர் கேட்கும்போது மட்டும் திறந்து, வேலை முடிந்ததும் மூடுங்கள். வெளியிலிருந்து வரும் வழியைச் சங்கேதமாக்கி, ஓ.டி.பி.யும் வையுங்கள். கணக்கின் நகலைத் தனி டிஸ்கில் எடுத்து, கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வீட்டுப் பீரோவில் வையுங்கள். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். எல்லாக் கடைக்கும் ஒரே பாஸ்வேர்டு வைக்கும் சர்வீஸ்காரரை உறுப்பினர்கள் ஏற்பதில்லை என்று அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் போடவேண்டும். தனித்தனியாகக் கேட்டால் சாக்குச் சொல்வார்கள். சங்கமாகக் கேட்டால் செய்வார்கள்.