காதுக்கு வேலையில்லாத பாடங்கள்

சில நாட்களுக்கு முன் இசைப்பதிவில் ஈடுபாடுள்ள நண்பர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். “இனிமேல் ஒலிப்பதிவு கற்க எவர் வாசலிலும் போய் நிற்க வேண்டியதில்லை. எல்லாம் யூடியூபில் இருக்கிறது” என்றார். உடனே மறுக்கத் தோன்றவில்லை. அவர் சொன்னதில் முதல் வாக்கியம் உண்மை. இரண்டாவது வாக்கியத்தோடுதான் எனக்குத் தகராறு.

இத்துறையோடு பழக்கமில்லாத வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ப்ளக்-இன் என்பது கணினியில் இயங்கும் ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் பொருத்திக்கொள்ளும் துணை மென்பொருள். முன்பு ஒலிப்பதிவுக் கூடங்களில் இரும்புப் பெட்டிகளாக அடுக்கிவைத்திருந்த கருவிகளின் வேலையை இன்று இவை செய்கின்றன. ஓங்கும் ஒலியை அடக்கிச் சமன்செய்வது கம்ப்ரெஸர். தாழ்ந்த ஒலிகளையும் உயர்ந்த ஒலிகளையும் தனித்தனியே கூட்டிக் குறைப்பது ஈக்வலைஸர். ஓர் அறையின் முழக்கத்தைச் சேர்ப்பது ரிவர்ப். இவை தவிர இரைச்சல் நீக்கிகளும் உண்டு. ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996-இல் விஎஸ்டி என்னும் இணைப்பு முறையைக் கொண்டுவந்தபின், வெளியார் எவரும் ப்ளக்-இன் எழுதலாம் என்றாயிற்று. 2005-இல் யூடியூப் வந்தபின், எவரும் அதைக் கற்பிக்கலாம் என்றாயிற்று.

இப்படிப் பயனர்கள் தாமே செய்து வெளியிடும் பாடங்களைத் தொழில்முறை ஒலிப்பொறியாளர்கள் சிலர் எள்ளி நகையாடுவதைக் கேட்டிருக்கிறேன். நான் அந்தக் கட்சியல்ல. பல மென்பொருள்களின் கையேடுகள் இன்ன குமிழ் இன்ன இடத்தில் இருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை. கூடங்களிலோ, வருடக்கணக்கில் கேபிள் சுற்றிய உதவியாளனுக்கே ஏதேனும் ஒன்று கற்கக் கிடைத்தது. அந்தக் கதவைத் திறந்தவர்கள் ஊதியம் எதிர்பாராத இந்த ஆர்வலர்கள்தாம். அவர்கள்மேல் எனக்கு நன்றி உண்டு. நன்றி இருப்பதாலேயே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: இப்பாடங்களில் பெரும்பாலானவை ஒலியைக் கற்பிப்பதில்லை. எண்களையும் படங்களையும் கற்பிக்கின்றன. கூர்ந்து கேட்கும் பழக்கத்தை வளர்ப்பதற்கு மாறாக, கேட்காமலேயே முடிவெடுக்கும் பழக்கத்தை வளர்க்கின்றன.

இதை நான் கற்ற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். 1988-இல் எங்கள் வீட்டுக் கூடத்தில் அம்மா பாடியதை மாமா ஒரு கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். பக்கத்தில் பெரியம்மா தம்புரா மீட்டினார். வேறு பக்கவாத்தியம் கிடையாது. அம்மா மேடை ஏறியவர் அல்லர். அவர் குரல் பதிவான ஒரே நாடா அதுதான். அவர் மறைந்து சில ஆண்டுகள் கழித்து, பூஞ்சணம் பிடித்திருந்த அந்த நாடாவை ஒரு முறை ஓடவைத்துக் கணினியில் ஏற்றினேன். இரண்டாம் முறை ஓட்டியபோது நாடா சிக்கி அறுந்தது.

கேசட்டுக்கே உரிய சீறல் பின்னணியில் இருந்தது. அதை நீக்கும் வழியைத் தேடி ஒரு காணொளிப் பாடத்தைப் பார்த்தேன். பத்து நிமிடப் பாடம், தெளிவான ஆங்கிலம், நம்பிக்கையூட்டும் குரல். பாட்டு தொடங்குவதற்கு முன், எவரும் பாடாத இரண்டு மூன்று விநாடிகளைத் தேர்ந்தெடுங்கள். இதுதான் இரைச்சல் என்று ப்ளக்-இன்னுக்குக் காட்டுங்கள். குறைக்கும் அளவை இந்த எண்ணில் வையுங்கள். முடிந்தபின் ஒலியளவை உச்சத்துக்கு உயர்த்திச் சேமியுங்கள் என்றது. அப்படியே செய்தேன். திரையில் ஒலியின் படம் பளிச்சென்று மாறியது. பாட்டின் கோடுகளுக்கு இடையே மங்கிக்கிடந்த பகுதியெல்லாம் கரிய வெறுமையானது. மடிக்கணினியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்டேன். சீறல் இல்லை, குரல் முன்னைவிட எடுப்பாக இருந்தது. பழைய கோப்பின் மேலேயே சேமித்தேன்.

ஒரு மாதம் கழித்து நல்ல ஹெட்போனில் கேட்டபோதுதான் தெரிந்தது, தம்புரா இல்லை. அது இருந்த இடத்தில் நீருக்கடியில் யாரோ முணுமுணுப்பதுபோல் ஒரு குமிழோசை. எவரும் பாடாத அந்த மூன்று விநாடிகளில் தம்புரா ஒலித்துக்கொண்டிருந்தது. நான் அதை இரைச்சல் என்று ப்ளக்-இன்னுக்குக் காட்டியிருந்தேன். அது சொன்னபடி செய்தது. நிறமாலைக் கழித்தல் என்னும் இந்த முறையை விளக்கி ஸ்டீவன் போல் 1979-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பேச்சொலியிலிருந்து இரைச்சலை நீக்குவது பற்றியது. மாறாமல் நிற்பது இரைச்சல், மாறிக்கொண்டிருப்பது பேச்சு என்பது அதன் அனுமானம். நம் சங்கீதத்திலோ மாறாமல் நிற்பதுதான் சுருதி.

இழப்பு அத்தோடு நிற்கவில்லை. சுருதியோடு முழுமையாக இணைந்து ஒலிக்கும் குரலின் அதிர்வெண்கள் தம்புராவின் அதிர்வெண்களோடு ஒன்றுபடும். அம்மா ஷட்ஜத்திலோ பஞ்சமத்திலோ நின்று குரலை மெல்ல மெல்ல இறக்கி அடங்கும் இடங்களில், ப்ளக்-இன் அந்தக் குரலையும் இரைச்சலோடு சேர்த்து அறுத்துவிட்டிருந்தது. அவர் எங்கெல்லாம் சுருதியில் கரைந்தாரோ அங்கெல்லாம் அவர் இல்லாமல் போனார்.

அசலுக்குப் படி எடுத்து வைக்காதது என் மடமை. அந்தக் குற்றத்தை எவர்மேலும் சுமத்த மாட்டேன். ஆனால் நான் படித்த பாடம் என் காதிடம் ஒரு முறையேனும் எதையாவது கேட்டதா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அதன்பின் இவ்வகைப் பாடங்களை ஏராளமாகப் பார்த்துவிட்டேன். அந்த ஒரு பாடத்தில் கண்ட மூன்று பிழைகளும் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது, காரணம் சொல்லாத எண். குரலுக்குக் கம்ப்ரெஸரின் எல்லையை –18 டெசிபலில் வை என்கிறது ஒரு பாடம். எல்லை என்பது, ஒலி எந்த அளவைத் தாண்டினால் கம்ப்ரெஸர் வேலைசெய்யத் தொடங்கும் என்பது. அப்படியானால் அந்த எண்ணின் பொருள் முழுவதும் உள்ளே வரும் ஒலியின் அளவைப் பொறுத்தது. அவர் உரக்கப் பதிந்திருந்தார், நான் மெல்லப் பதிந்திருக்கிறேன் என்றால், அவருடைய –18 என்னிடம் ஒன்றுமே செய்யாது. 1967-இல் பில் புட்னம் உருவாக்கிய 1176 என்னும் கம்ப்ரெஸரின் கணினி நகல்கள் இன்று எண்ணற்றவை. அக்கருவியில் எல்லைக்கென்று தனிக் குமிழே இல்லை. உள்வரும் ஒலியைக் கூட்டித்தான் எல்லையைத் தாண்டவைக்க வேண்டும். அதில் வேகத்தைக் குறிக்கும் குமிழ்களில் 7 என்பதே மிக விரைவு, 1 என்பதே மிக மெதுவு. மில்லிசெகண்டில் எழுதியிருக்கும் வேறொரு ப்ளக்-இன்னில் பெரிய எண் என்றால் மெதுவு. காரணம் அறியாமல் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவன் இங்கே தலைகீழாக நிற்பான்.

இன்னொன்று, பாஸ் கிட்டாரையும் கிக் டிரம்மையும் தவிர எல்லாவற்றிலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டிவிடு என்னும் விதி. இது பிறந்த இசையில் தாழ்ந்த ஒலியின் இடம் அவ்விரண்டு வாத்தியங்களுக்கு உரியது. அதனால் அங்கே அது நியாயம். அதே விதியை மிருதங்கத்தின்மேல் ஏற்றினால் என்ன ஆகும்? வலந்தலை பிழைத்துக்கொள்ளும். ரவை பூசிப் பதப்படுத்திய தொப்பியின் கனமும் கும்கியின் இழைவும் மெலிந்துபோகும். பாடம் நடத்தியவர் மிருதங்கத்தைப் பார்த்திராதவராக இருக்கலாம், அது பிழையல்ல. இந்த விதி எங்கே பிறந்தது, எங்கே செல்லாது என்று ஒரு வார்த்தை சொல்லாததுதான் பிழை.

தமிழில் நமக்கு நெடிய உரை மரபு உண்டு. நம் உரையாசிரியர்கள் தம் பொருளைச் சொல்வதோடு அமைவதில்லை. “என்பாரும் உளர்” என்று பிறர் கொள்கையை எடுத்துவைத்து, அது ஏன் பொருந்தாது என்று காட்டிய பிறகே நகர்வார்கள். படிப்பவன் உரையாசிரியரோடு மாறுபடும் உரிமையை அந்த உரையிலிருந்தே பெறுகிறான். நான் பார்த்த பாடங்களில் இந்த “என்பாரும் உளர்” இல்லை. தேர்வுக்கு முந்தைய இரவு புரட்டும் நோட்ஸின் தொனிதான் இருக்கிறது. நோட்ஸ் படித்தும் தேறலாம். ஆனால் அதைப் படித்துக் கவிதையை நேசித்தவர் எவரேனும் உண்டா?

இரண்டாவது பிழை இன்னும் நுட்பமானது. எல்லாப் பாடங்களின் உச்சமும் ‘முன்பு, பின்பு’ என்னும் ஒப்பீடுதான். ப்ளக்-இன் இல்லாமல் ஒரு முறை, அதைப் போட்டபின் ஒரு முறை. பின்னது கட்டாயம் நன்றாக இருக்கும். ஏன் நன்றாக இருக்கிறது? பெரும்பாலும் அது உரக்க ஒலிப்பதால். பெல் ஆய்வுக்கூடத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து காட்டினார்கள்: ஒலி மெல்லியதாக இருக்கையில் நம் காது தாழ்ந்த ஒலிகளையும் மிக உயர்ந்த ஒலிகளையும் குறைவாகவே உணர்கிறது, ஒலியளவு கூடும்போது அவையும் எழுந்து வருகின்றன. ஆகவே ஒரு டெசிபல் கூடினால், சத்தம் கூடிற்று என்று நமக்குத் தோன்றுவதில்லை. செழுமை கூடிற்று, தெளிவு கூடிற்று என்றே தோன்றுகிறது. பல கம்ப்ரெஸர்கள் அடக்கியதை ஈடுசெய்யத் தாமாகவே ஒலியளவை உயர்த்துகின்றன. ஈக்வலைஸரில் எதைக் கூட்டினாலும் மொத்த அளவு கூடும். இரு அளவுகளையும் சமப்படுத்தாமல் நடத்தும் ஒப்பீட்டில் ப்ளக்-இன் தோற்கவே முடியாது. என் மடிக்கணினியில் நடந்ததும் இதுதான். உச்சத்துக்கு உயர்த்திய குரல் எடுப்பாகத் தோன்றியது. அந்த எடுப்பில் தம்புரா போனது தெரியவில்லை.

யூடியூப் ஒலியளவைச் சீர்செய்கிறதே என்று சிலர் கேட்கக்கூடும். அது முழுக் காணொளிக்கும் ஒரே அளவாகச் செய்யும் மாற்றம். உள்ளேயிருக்கும் முன்புக்கும் பின்புக்கும் உள்ள வேறுபாட்டை அந்த மாற்றம் நீக்காது. அதைச் சமப்படுத்த வேண்டியவர் பாடம் நடத்துபவர். ஒலியின் உரப்பை அளக்கும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் நெறிமுறை 2006-இலேயே வந்துவிட்டது. அதைப் பின்பற்றும் அளவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு குமிழைத் திருப்பும் வேலை இது. செய்தால் ‘பின்பு’ சில வேளைகளில் தோற்றுப்போகும் என்பதைத் தவிர வேறு தடை எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, கண். இன்றைய ப்ளக்-இன்கள் அழகானவை. வளைகோடுகள் நெளிகின்றன, வண்ணங்கள் ஒளிர்கின்றன. காணொளியோ கண்ணுக்கான ஊடகம். ஆசிரியர் 50 ஹெர்ட்ஸில் ஒரு மேட்டை எழுப்பி, “எவ்வளவு இதமாக இருக்கிறது, கேளுங்கள்” என்கிறார். கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் பார்த்துக்கொண்டிருக்கும் மாணவனுக்கு அந்த ஒலி வந்து சேரவே இல்லை. ஆனாலும் தலையசைக்கிறான். மேட்டைப் பார்த்தான், இதத்தைக் கேட்டதாக நம்புகிறான். திரையில் படர்ந்த கரிய வெறுமையைத் தூய்மை என்று நம்பிய நான் அவனைக் குறைசொல்ல முடியாது.

இலவசமாகக் கொடுப்பவரிடம் இத்தனை கறார் தகுமா என்று கேட்பவர்கள் உண்டு. அன்னதானத்திலும் உப்பு பார்க்க வேண்டும் என்பதே என் பதில். தொடக்கநிலையில் இருப்பவனுக்கு ஓர் எண்ணாவது வேண்டாமா என்றும் கேட்கலாம். வேண்டும். முதல் எண்ணைக் கொடுப்பது ஆசிரியரின் கடமை. அந்த எண்ணை விட்டு விலகுவது எப்போது என்று சொல்வதும் அதே கடமையின் பகுதி. விதிவிலக்குகள் இருக்கின்றனவே என்றால், இருக்கின்றன. அளவைச் சமப்படுத்தி, இரண்டு பதிவுகளை எது எதுவென்று சொல்லாமல் ஒலிக்கவிட்டு, பார்ப்பவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லும் ஓரிரு பாடங்களைக் கண்டிருக்கிறேன். ஒரு பாடத்தில் ஆசிரியர் தம் தேர்விலேயே தோற்று, சிரித்துவிட்டு, ப்ளக்-இன்னை நீக்கினார். நான் பார்த்தவற்றிலேயே சிறந்த பாடம் அதுதான்.

ஆகவே இவற்றைச் செய்வோரிடம் நான் கேட்பது அதிகமில்லை. ஒப்பிடும்போது ஒலியளவைச் சமப்படுத்துங்கள். ஒரு முறையேனும் திரையை இருட்டாக்கிவிட்டு ஒலியை மட்டும் கேட்கவிடுங்கள். எண் சொன்னால் அது எந்தக் குரலுக்கு, எந்த வாத்தியத்துக்கு, எங்கே பொருந்தாது என்று கூடவே சொல்லுங்கள். பழைய பதிவுகளைத் துப்புரவாக்கும் பாடம் என்றால், அசலைத் தொடாதே, படி எடுத்து வை என்பதை முதல் வாக்கியமாக வையுங்கள்.

தமிழ்நாட்டு வீடுகளிலும் புலம்பெயர்ந்தோர் வீடுகளிலும் இன்னும் எத்தனையோ கேசட்டுகள் பரணில் கிடக்கின்றன. பாட்டிகளின் தாலாட்டு, கோயில் கொட்டகையில் பதிந்த நாயனம், எவரும் பெயர் அறியாத வீட்டுக் குரல்கள். அவற்றைக் கணினியில் ஏற்றப்போகும் பேரப்பிள்ளைகள் என்னைப்போலவே ஒரு பத்து நிமிடப் பாடத்தைத் தேடுவார்கள். எவரும் பாடாத மூன்று விநாடிகளைத் தேர்ந்தெடு என்று அவர்களுக்கு ஒரு குரல் சொல்லும். தேர்ந்தெடுக்கும் முன், அந்த மூன்று விநாடிகளில் என்ன இருக்கிறது என்று கண்ணை மூடிக் கேள் என்றும் அந்தக் குரல் சொல்ல வேண்டும்.